லேசாகிக்கொண்டே போனவர்

அவள் கணவருக்கு மிதக்கவே வராது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். ஆறோ நீச்சல் குளமோ, மல்லாந்து படுத்த அடுத்த நொடி கால் கீழே போகும், பிறகு இடுப்பு, பிறகு மூக்கு, கடைசியில் திட்டு. அப்படிப்பட்டவர் அன்று காலை ஓட்டலின் உப்புக்குளத்தில், முதுகு மட்டும் நனைய, காலிக் குடம் போல மிதந்துகொண்டிருந்தார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு பார்த்தாள்.

மிதப்பதில் மர்மம் எதுவும் இல்லை. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும்வரை உடம்பு அமிழும், அதற்கு மேல் அமிழாது. எலும்பும் தசையும் கனம், கொழுப்பு லேசு. அதனால்தான் அவளைப் போன்ற பூசிய உடம்புக்காரர்கள் சுலபமாக மிதக்கிறார்கள், அவரைப் போன்ற ஒட்டடைக்குச்சிகள் மூழ்குகிறார்கள். தண்ணீரில் உப்பு கூடினால் எல்லோருமே சற்று உயர்வார்கள். ஆனால் எல்லோரும் உயர வேண்டும். அவளோ வந்த அன்று மிதந்த அதே மட்டத்தில்தான் மிதந்தாள். அப்படியென்றால் தண்ணீர் மாறவில்லை.

"என்னங்க, எப்படி இது?"

"லேசா இருக்கு, இன்ஸ்பெக்டர்," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

இன்ஸ்பெக்டர் என்பது பட்டப்பெயர் மட்டுமல்ல. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை. அவர் வங்கி அதிகாரி. சமீபத்தில் நெஞ்சுவலி வந்து பயமுறுத்தியதால், "அப்பாவுக்கு டென்ஷன் குறையணும்மா" என்று மகள் இந்தக் கடலோர ஓட்டலில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். வெள்ளைத் தூண்கள், கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம், அவருக்குத் தினமும் எண்ணெய்ச் சிகிச்சை.

குளத்திலிருந்து அறைக்குப் போகும் தாழ்வாரம் முழுக்கப் பலகைத் தரை. மெழுகு வாசனையும் எலுமிச்சம்புல் எண்ணெய் வாசனையும் கடல் ஈரமும் கலந்து ஒரு கனத்த இனிப்பாக நெஞ்சில் இறங்க, சுவர் விளக்குகளின் மஞ்சள் வட்டங்களை ஒவ்வொன்றாகக் கடந்து நடந்துகொண்டிருந்தவள், தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்பதை உணர்ந்தாள். அவரும் செருப்புப் போட்டிருந்தார். அவரும் நடந்துகொண்டிருந்தார்.

காலை உணவு மேசையில் காபியைக் குடித்துவிட்டுப் புன்னகைத்தார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு காபியையும் குறை சொல்லாமல் குடித்தவரில்லை. ஆறிப்போச்சு, கசக்குது, டம்ளர் சரியில்லை, ஏதாவது ஒன்று. வந்த முதல் நாள்கூட, பக்கத்து மேசையில் சத்தமாகப் போன் பேசிய வியாபாரிக்கு 'லவுட் ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்து அரை மணி நேரம் புலம்பியவர். இப்போது அந்த மேசை காலியாக இருந்தது.

"உங்க லவுட் ஸ்பீக்கரைக் காணோமே?"

"ஊருக்குப் போயிருப்பார். பாவம், நல்ல மனுஷன்."

அவள் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

மதியம் அவர் தூங்கினார். மெத்தையில் அவர் பக்கம் பள்ளமே விழவில்லை. விரித்து வைத்த சட்டை போலக் கிடந்தார். அவள் மெதுவாக அவர் முதுகில் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். டொக். காலி டப்பாவின் சத்தம். மேலே, கூடத்தின் கூரைப் பக்கம், ஏதோ மெத்தென்று மோதி, சற்று விலகி, மறுபடி மோதியது. அந்தச் சத்தத்தைப் பற்றி முதல் நாளே வரவேற்பில் கேட்டிருந்தாள். புறா என்றார்கள். அவர்கள் அறை கடைசி மாடியில், அதற்கு மேல் யாரும் தங்கவில்லை.

சிகிச்சைப் பகுதியின் வாசலில் பித்தளை முள் வைத்த அழகான எடை மேடை ஒன்று இருந்தது. யாரையும் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகிப்பதுதான் அவள் தொழில் தர்மம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நிரம்பிய பாட்டில்களைக் கொண்டுபோய் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். முள் ஒழுங்காக ஏறியது. மேடையின் நான்கு மூலைகளிலும் நகர்த்திப் பார்த்தாள். ஒழுங்காகவே காட்டியது. பழுதில்லாத தராசு. இதைப் போன்ற ஒரு தராசைப் பார்த்து அவள் அதற்கு முன் பயந்ததில்லை.

"ஏறுங்க," என்றாள், எழுப்பிக் கூட்டி வந்த அவரிடம்.

மகள் பால்பல் விழுந்த வயதில் என்ன எடை இருந்தாளோ, அந்த எடையில் முள் நின்றது.

"சாருக்கு நல்லா குறைஞ்சிருக்கு," என்றாள் அவருக்கு எண்ணெய் தேய்க்கும் தெரபிஸ்ட், பின்னாலிருந்து. ஒல்லியான இளம்பெண்.

"இவருக்குக் குறைய என்ன இருந்துச்சும்மா? கல்யாண போட்டோவிலேயே மாலைதான் தெரியும், ஆள் தெரியாது."

மேலாளர் வந்தார். கோட்டு, டை, குறையாத புன்னகை. "மேடம், எங்க கெஸ்ட் எல்லாரும் மனபாரம் குறையத்தான் வர்றாங்க."

"பாரம் காணாமப் போகாது சார். ஒரு தட்டுல இறங்கினா இன்னொரு தட்டுல ஏறியிருக்கணும். முப்பது வருஷமா இதைத்தான் பார்க்கிறேன். இவரோடது எங்கே ஏறியிருக்கு?"

தெரபிஸ்ட் ஓர் அடி முன்னால் வைத்தாள். பலகை முனகியது. இன்னோர் அடி. பலகை வளைந்தது. அந்தக் கொடி போன்ற பெண்ணின் காலடியில், பீரோ நகர்த்தும்போது வளைவது போலத் தரை வளைந்தது. மேலாளர் உடம்பை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"நாங்க இப்பவே கிளம்புறோம்," என்றாள் அவள். குரல் நடுங்கியது. அதனால் இன்னும் உரக்கச் சொன்னாள். "இப்பவே!"

அறைக்குப் போய் அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் பெட்டியை அடைத்தாள். ஜிப் சிக்கியது. திட்டிக்கொண்டே இழுத்துவிட்டுத் திரும்பியபோது கதவு திறந்திருந்தது. கட்டில் காலி.

ஓடினாள். மெழுகு வாசனை. எண்ணெய் வாசனை. மஞ்சள் வட்டங்கள். தாழ்வாரத்தின் முடிவில், படி இறங்கினால், கண்ணாடிக் கூரைக் கூடம், சாயங்கால வெயிலில் தேன் நிறத்தில். தரையில் நிழல்கள் கிடந்தன. நீளமான நிழல்கள். மெல்ல அசைந்தன.

அண்ணாந்து பார்த்தாள்.

கூரையை ஒட்டி ஆட்கள். வெள்ளை அங்கிகளில், முகம் கீழ் நோக்கி. காற்றுக்கு அசைந்து, ஒருவர் மேல் ஒருவர் மெத்தென்று மோதி, விலகினார்கள். லவுட் ஸ்பீக்கர் அங்கே இருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

கீழே, கூடத்தின் நடுவே போட்டிருந்த சிகிச்சைக் கட்டிலிலிருந்து அவள் கணவர் எழும்பிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கவில்லை. படுத்தபடியே எழும்பிக்கொண்டிருந்தார். தெரபிஸ்டின் கை அவர் நெஞ்சிலிருந்து அப்போதுதான் பிரிந்தது.

தாவிப் பிடித்தாள். கணுக்கால் கிடைத்தது.

அவள் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. மெல்லிய விரல்கள். மூட்டை விழுந்தது போன்ற கனம். முழங்கால்கள் மடங்கின.

"விட்டுடுங்க மேடம். சார் சந்தோஷமா இருக்கார்."

"சந்தோஷமா? இந்த ஆள் சந்தோஷமா இருந்தா எனக்குச் சொல்லிட்டுத்தான் இருப்பார்! புலம்பினாலும் திட்டினாலும் எனக்கு இவர் முழுசா வேணும். கையை எடுடி!"

கனமான கைதான். ஆனால் எண்ணெய்க் கை. எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெய்க்குப் பிடிமானம் கிடையாது. மணிக்கட்டைத் திருகி உருவிக்கொண்டாள். அவர் அங்கியின் இடுப்புக் கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்தாள். ஓடினாள். தலைக்கு மேலே அவர். நிலைப்படியில் அவர் தலை இடித்தது. டொக். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

பின்னால் தரை இடிந்தது. தடால். தடால். அவசரமே இல்லாத அடிகள்.

முற்றம். படிகள். மணல்.

மணலில் இறங்கியதும் ஒன்று புரிந்தது. மணல் ஆளைத் தாங்குவது பாதத்தின் அகலத்தால். சின்னப் பாதத்தில் பெரிய கனம் ஏறினால் மணல் வழிவிடும். தெரபிஸ்ட் படியிலிருந்து இறங்கினாள். கணுக்கால்வரை போனாள். அடுத்த அடியில் முழங்கால்வரை. அடுத்ததில் இடுப்புவரை. புன்னகை மாறாமல் அங்கேயே நின்றாள். மேலாளரும் மற்ற ஊழியர்களும் படி ஓரத்தில் வரிசையாக நின்றார்கள், காத்திருப்பவர்கள் போல.

காற்று பலத்தது. இடுப்புக் கயிறு விறைத்தது. அவள் குதிகால் மணலைவிட்டு எழும்பியது.

"முடியாது," என்றாள் கடலைப் பார்த்து. "கொடுக்க மாட்டேன்."

கயிற்றைக் கைக்குக் கை மாற்றி இழுத்து அவரைக் கீழே கொண்டுவந்தாள். தோளைத் தன் அக்குளில் இறுக்கிக்கொண்டாள். காலியானதை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. காலிச் சாக்கு நிற்காது, நிரம்பிய சாக்கு நிற்கும்.

"வாயைத் திறங்க."

திறந்தார். குழந்தை போல. உள்ளே இருட்டு மட்டும் இருந்தது.

உலர்ந்த மணலை அள்ளிப் போட்டாள். காற்று பாதியை அடித்துக்கொண்டு போனது. மீதி சரசரவென்று உள்ளே எங்கோ ஆழத்தில் விழுந்தது. போதவில்லை. அலை தொடும் இடத்துக்கு இழுத்துப் போனாள். மணற்பருக்கைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், அதே பிடி மணல் இன்னும் கனக்கும், காற்றிலும் பறக்காது. ஈர மணலைப் பிசைந்து உருட்டினாள். ஊட்டினாள். தொண்டையைத் தடவிவிட்டாள். பொத். இன்னொன்று. பொத். இடது கால் தடித்தது. கொஞ்சம் சாய்ந்தார். அடுத்தடுத்த உருண்டைகளுக்கு அவரை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

கயிறு தளர்ந்தது. அவர் கால் கட்டைவிரல் மணலைத் தொட்டது. பிறகு பாதம் பதிந்தது. ஓர் அலை வந்து அவர் காலைச் சுற்றிப் போனது. அவர் நகரவில்லை.

படி ஓரத்தில் நின்றவர்களின் புன்னகை முதல்முறையாகக் குறைந்தது.

"பார்த்துக்கிட்டே இருங்கடா," என்றாள் அவள், அடுத்த பிடியை அள்ளியபடி.

வழி இதுதான். ஈர மணல். சிறு உருண்டைகள். படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தி வைத்தே ஊட்ட வேண்டும், கனம் முதலில் கால்களுக்குப் போகும்படி. வயிறு, நெஞ்சு, தோள் என்று மேலே வர வேண்டும். கழுத்தோடு நிறுத்திவிட வேண்டும். அவர் பேசுவதற்கு இடம் வேண்டும்.