லாடம் அடித்த பூட்ஸ்

நடவு முடிந்த மூன்றாம் நாள், வயலின் நட்டநடுவே ஒரே ஒரு பூட்ஸ் தடம் இருந்தது. உள்ளே போன தடம் இல்லை, வெளியே வந்த தடமும் இல்லை. சேற்றில் யார் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்? குதிகாலில் லாடம் தெளிவாகப் பதிந்திருந்தது.

“அந்த எடத்துல எங்கப்பா காலத்துலேருந்தே பயிரு புடிக்காதும்மா,” என்றார் மருதையன். செம்மொழியின் வயலைப் பார்த்துக்கொள்கிறவர். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகத்தான் அவள் வீட்டுக்கு வருவார். அந்தக் காலத்தில் கூலிக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாத தெரு அது. இப்போது எதற்கு இதெல்லாம் என்று செம்மொழி ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்லியிருக்க வேண்டியவள்தான். இதே வயலில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நட்ட குடும்பம் அவளுடையது. முப்பது வருஷம் பேங்கில் உழைத்து, மிராசுதாரின் பேரன்களிடமிருந்து வயலையும் வீட்டையும் வாங்கினாள். கூடத்தில் கிடந்த மிராசுதாரின் சாய்வு நாற்காலியையும் விடவில்லை. அதில் சாயும்போதெல்லாம் நெஞ்சு குளிரும்.

ஒரே குறை, கொள்ளுத்தாத்தா கண்ணுசாமி. முதல் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவர் மனைவி வேம்பு தாலியைக் கழற்றாமலே செத்துப்போனாள். எங்கே விழுந்தார் என்றாவது தெரிய வேண்டாமா? ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு வருஷமாக எழுதிக் கேட்டதற்கு அன்று மத்தியானம் தபாலில் அவருடைய பதிவின் நகல் வந்தது.

அவர் பஸ்ராவில் சாகவில்லை. 1919இல் உயிரோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். கொடுத்தனுப்பியவை: கம்பளி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, நீடாமங்கலம் வரை ரயில் பாஸ்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போக இந்தத் தெருதான் வழி. பூட்ஸ் காலோடு நடந்திருப்பார். மிராசுதார் வாசலைத் தாண்ட விட்டிருப்பார்களா? பாவிகள், யுத்தத்தில் தப்பி வந்தவரைச் சொந்த ஊரில் கொன்று, அவர் சனங்களே நாற்று நடுகிற சேற்றில் புதைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஏழு தடங்கள். அதற்கு மறுநாள் வரப்பு வரை.

“நம்ம தெருப் பக்கம் போவலம்மா அது,” என்றார் மருதையன். “இந்த வூட்டப் பாத்துத்தான் வருது.” அதன்பின் அவர் வரவில்லை.

நல்ல உச்சிவெயில். செம்மொழி கூடத்தில் மிராசுதாரின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கரண்ட் போய் ஃபேன் நின்றது. வாய்க்கால் தண்ணீரின் சலசலப்பும் எங்கோ உழுதுகொண்டிருந்த டிராக்டரின் இரைச்சலும் மெல்ல மெல்ல அடங்க, நாள்பட்ட சேற்று வாடையும் நனைந்த கம்பளி வாடையும் ஒன்றாகக் கலந்து கூடத்துக்குள் வந்தன. நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். முடியவில்லை.

டக்.

கொல்லை வழியாக இல்லை. வாசல் வழியாக.

டக். டக்.

“தாத்தா... நாந்தான். ஒங்க வேம்புவோட பேரன் மக.”

சத்தம் நின்றது. சிவப்புத் தரையில் ஈரத் தடங்கள் வாசலிலிருந்து அவள் முன்னால் வரை வந்திருந்தன. ஆள் இல்லை. காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஆனால் பிள்ளை பிறக்குமுன் கப்பல் ஏறியவர். பேரனை அவருக்குத் தெரியாது. அந்த நாற்காலியைத் தெரியும்.

அவளுடைய வெறும் பாதங்களின் மேல், லாடம் அழுந்த, பூட்ஸ் ஏறி நின்றது.

கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையச் சேறு.