தர்ஷனுக்காக எழுந்தவர்கள்

புதுத்துறை மக்கள் மன்றத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே செவிமணியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட வேண்டும். மூன்று மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு மணிமொழி அந்தத் தட்டோடு நின்றாள். கழற்றிய சில நிமிடங்களுக்கு எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். வீட்டுக் கதவு எண்ணிலிருந்து மனைவியின் பிறந்தநாள் வரை காதோரம் சொல்லிக்கொண்டிருந்த கருவி அது. 2094-இல் எதையாவது மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மனப்பாடமே பழகாத அவர்களுக்குத்தான் அவள் நாற்பத்து மூன்று பேரின் வாழ்க்கையை மனதில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடத்துக்கு முன், ஒரு புயல் நாளில், கடற்சுவரின் வெளிப்புறத்தில் வேலை செய்துகொண்டிருந்த நாற்பத்து மூன்று தொழிலாளர்கள் உள்ளே வந்து சேர்வதற்குள் கடற்கதவு மூடப்பட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தப்பின. அவர்கள் தப்பவில்லை. இயற்கைச் சீற்றம் என்று துறைமுகக் குழுமம் எழுதிவைத்தது. கதவை மூடச் சொன்னது யார் என்ற கோப்புக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதிவுகளுக்கு இப்போது காலாவதி நெருங்கிவிட்டது. தரவுக் கிடங்குகளைக் குளிர்விக்க ஊர் குடிப்பதைவிட அதிகத் தண்ணீர் செலவான காலத்தில் வந்த சட்டம் அது. முப்பது ஆண்டு கடந்த பதிவுகளைப் பதிவகம் தானாகவே அழித்துவிடும். தடுக்க ஒரு வழிதான் இருந்தது. இறந்தவர் ஒவ்வொருவருக்காகவும் ஒருவர் பதிவக அதிகாரி முன் எழுந்து, கருவியோ காகிதமோ இல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். எல்லோரையும் சொல்லி முடித்தால் பதிவு நிலைபெறும், கோப்பும் திறக்கும். ஆனால் சொல்கிறவர் இறந்தவருக்கு உறவாக இருக்கக் கூடாது. குடும்பம் எப்படியும் மறக்காது, ஊர் நினைவு வைத்திருக்கிறதா என்பதே கேள்வி என்றது சட்டம்.

நாற்பத்து மூன்று பேரில் தர்ஷன் என்பவர் மணிமொழியின் அப்பா. அவர் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. மற்ற யாரைப் பற்றியும் அவள் பேசலாம், அவரைப் பற்றி மட்டும் பேச முடியாது. அதனால் கபிலன் என்ற படகு மெக்கானிக்கிடம் அவரை ஒப்படைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை மன்றம் நிரம்பிவிட்டது. பதிவக அதிகாரி பரிதா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுமத்தின் வழக்கறிஞர் திவாகர் சுவரோரம் நின்று ஒவ்வொரு சொல்லையும் கவனித்தார். ஒரு ஆசிரியை ஒரு வெல்டரைச் சொன்னாள். ஒரு டிரைவர், பத்தொன்பது வயதில் போன ஒருவனைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தான். மாலை நான்கு இருபதுக்கு நாற்பத்து இரண்டு பேர் முடிந்திருந்தார்கள். ஐந்து மணிக்குக் காலாவதி.

கபிலன் எழுந்தபோது திவாகர் கையைத் தூக்கினார். போன வாரம் கபிலனுக்கும் ஆதிரைக்கும் கல்யாணம் பதிவாகியிருப்பதையும், ஆதிரை இறந்த தர்ஷனின் பேத்தி என்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆதிரை மணிமொழியின் அக்கா மகள். ஒத்திகைக்கு வந்த இடத்தில்தான் இருவரும் பழகினார்கள். கல்யாணத்தை முன்னின்று நடத்தியதே மணிமொழிதான். உறவு என்றால் ரத்த உறவு என்றே நினைத்திருந்தாள்.

பரிதா சட்டப் பிரிவை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"கல்யாண உறவும் உறவுதாம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வேற யாராவது சொன்னா கேட்டுக்கறேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

அரை மணியில் யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்? மணிமொழி கண்ணை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"நான் சொல்றேன்."

ஜெசிந்தா. கீழே மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவள். மன்றத்தின் ஜன்னல்கள் சந்தைக்கு மேலேதான் திறந்திருக்கும். பட்டியலில் இவள் பெயர் இல்லை என்றார் திவாகர். சட்டம் பட்டியல் எதுவும் கேட்கவில்லை என்றார் பரிதா. ஜெசிந்தாவின் காதுகளைச் சோதித்தார்கள், கருவி இல்லை. எப்படித் தெரியும் என்று திவாகர் விடாமல் கேட்டார்.

"மூணு மாசமா மேலேருந்து காதுல விழுந்துக்கிட்டே இருக்கு சார். நான் இந்த ஊருக்கு வந்தே பத்து வருஷந்தான். அந்த மனுஷன் முகங்கூட எனக்குத் தெரியாது. ஆனா ஆளைத் தெரியும்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த வருடம், பாதுகாப்புக் கயிறு பழசாகிவிட்டது என்று அவர் இரண்டு முறை எழுதிக்கொடுத்த புகார், ஒன்றுகூட விடுபடவில்லை. பிறகு பதிவில் இல்லாதவையும் வந்தன. விடியலில் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வெறுங்காலோடு நடப்பாராம். பாகற்காய் என்றால் எழுந்து ஓடிவிடுவாராம்.

இதையெல்லாம் எப்போது சொன்னோம் என்று மணிமொழிக்கு நினைவில்லை. பத்து வருடமாக வஞ்சிரம் வெட்டி முடியும்வரை நின்ற நேரங்களில் சொல்லியிருக்க வேண்டும். ஜெசிந்தா வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பரிதா எழுந்து நின்று அறிவித்தார். பதிவு நிலைபெற்றது, இனி எந்த அரசும் அதை அழிக்க முடியாது. கடற்கதவுக் கோப்பு திங்கட்கிழமை காலை இதே மன்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படும். எழுந்த ஆரவாரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திவாகர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் மணிமொழி திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தாவுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஐஸ் வண்டிக்காரர், டீக்கடைக்காரர், இரண்டு கூடைக்காரிகள், எல்லோரும் கீழே சந்தையில் இருப்பவர்கள். ஒருவர் போதும், உட்காருங்கள் என்றார் பரிதா. யாரும் உட்காரவில்லை. அவர்களுக்கும் தர்ஷனைத் தெரியும். அவர்களும் சொல்லியாக வேண்டும்.

பதிவு நிலைபெற்றபின் உறவினரும் பேசலாம். பரிதா மைக்கை மணிமொழியிடம் நீட்டினார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஐஸ் வண்டிக்காரர் ஜெசிந்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னே. அது நீலச் செருப்புன்னு சொல்லாம விட்டுட்டியே."

"யாரு சொன்னா நீலம்னு? பழுப்பு," என்றாள் ஒரு கூடைக்காரி.

டீக்கடைக்காரர் நீலத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார். சொந்த அண்ணனைப் பற்றிப் பேசுவது போல ஆளாளுக்கு மல்லுக்கு நின்றார்கள். மணிமொழிக்கு விடை தெரியும். அவள் மைக்கை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், சிரித்தபடி அவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.