நிமிடத்துக்கு முப்பத்தாறு சொட்டு

பிற்பகல் 2:50.

அண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளியதும் தங்கையின் முகத்தில் அனல் அறைந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அதைவிடச் சூடு.

அண்ணன் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். மார்பின்மேல் ஒரு துண்டு. நனைத்துப் போட்டது காய்ந்து அட்டை போல விறைத்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் நின்றது. சுவரில் ஏசி. போன வருடம் தங்கை வாங்கிக் கொடுத்தது. அதன்மேல் ஒட்டிவந்த பளபளப்புத் தாள்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை. ஒரே ஜன்னலும் சாத்தியிருந்தது.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற நர்ஸ் அவள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. நாடி இல்லை. உடம்பு மட்டும் காய்ச்சல்காரனைப் போலக் கொதித்தது. தாடை இறுகத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அது தெரிந்த பிறகும் ஐஸ் எடுக்க ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

உள்ளே விளக்கு எரியவில்லை. மேல் தட்டில் நான்கு தடித்த அகராதிகள். கீழ்த் தட்டில் மடித்த சட்டைகள். பால் வைக்கும் இடத்தில் சிவப்பு மைப் பேனாக்கள். ஒயர் பின்பக்கம் சுருட்டிக் கட்டப்பட்டு, அதன்மேல் தூசி படிந்திருந்தது.

அண்ணன் நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவரா, "நீ கொண்டுவந்த சாப்பாட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன் சின்னவளே" என்று வாராவாரம் பொய் சொன்னார்?

காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள். திறந்த வேகத்தில் சாத்தினாள். கையெட்டும் தூரத்தில் மேல்வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி இரைந்துகொண்டு, வெந்த காற்றை நேராக உள்ளே துப்பியது.

3:15.

தங்கை போன் செய்ததில் காவலர் ஒருவர் வந்தார். அவர் பின்னாலேயே மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரரும் இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

"அடடா! நேத்து சாயங்காலம்கூடப் பேசிட்டிருந்தோமே, சிஸ்டர்."

"என்ன பேசினீங்க?"

"வேற என்ன, கரண்ட் பில்தான். மனுஷன் ஒரே புலம்பல். நானும் நல்லதுதான் சொன்னேன். சார், ஏசியைத் தொடாதீங்க, பகல்ல ஃபேனையும் நிறுத்திடுங்க, ஈரத் துண்டு போட்டுக்கங்க, பழைய காலத்துல எல்லாரும் அப்படித்தானே இருந்தாங்கன்னு."

தங்கை அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"அப்புறம் எப்படிங்க பில் ஏறிச்சு?" என்றார் காவலர்.

"போன வருஷம் ஏசி மாட்டின மாசத்துலேர்ந்து ஏறுது. கமுக்கமா ஓட்டிட்டுத்தான் இருந்திருப்பார். எங்க வீட்டுல நாலு பேர். எங்க பில் அவரோடதுல பாதிகூட வராது. கரண்டை எப்படிச் செலவு பண்றதுன்னு ஒரு நிதானம் வேணும் பாருங்க." தங்கை பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். அந்த ஏசியை நீங்க வாங்கிக் கொடுக்காம இருந்திருக்கலாம்."

ஊசி சரியான இடத்தில்தான் இறங்கியது. ஒரு வருடமாக அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏசி வந்தது, பில் ஏறியது, அண்ணன் ஒவ்வொன்றாக நிறுத்தினார். விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ். கடைசியில் தன்னையே. அப்படியானால் அவரைக் கொன்றது அவள் கொடுத்த பரிசா?

"எதுக்கும் மெயினை அணைச்சுடலாம். ஷாக்கா இருந்து தொலைச்சா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார் காவலர்.

3:25.

மீட்டர்கள் மாடிப்படிக்குக் கீழே, பின்முற்றத்தைப் பார்த்தபடி இருந்தன. மூன்று மீட்டர்: கீழே ஜூஸ் கடை, நடுவில் அண்ணன், மேலே வீட்டுக்காரர். காவலர் மீட்டர் கண்ணாடியைத் துடைத்து எது எதன் சுவிட்ச் என்று தேடிக்கொண்டிருந்தார். ஜூஸ் கடையில் மிக்ஸி அலறியது. தங்கை சுவரோரம் நின்றாள்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

சுவரில் இரண்டு ஏசிக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இறங்கியிருந்தன. வெள்ளைக் குழாயின் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. சாம்பல் நிறக் குழாயிலிருந்து தண்ணீர் கீழே ஒரு பக்கெட்டில் விழுந்தது. அவள் எண்ணினாள். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை; சலைன் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதி. எங்கே சொட்டு விழுந்தாலும் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விடும். நிமிடத்துக்கு முப்பத்தாறு.

காவலர் நடு மீட்டரின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

சத்தம் கேட்டு ஜூஸ் கடைக்காரர் ஈரக்கையோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்ல மனுஷன் சிஸ்டர். என் கடை போர்டுல மூணு பிழை இருக்குன்னு சொல்லி, திருத்தற வரைக்கும் ஜூஸே குடிக்க மாட்டேன்னுட்டார். இந்தத் தண்ணிகூட அவரோட ஏசித் தண்ணிதான். கோடை பூரா ஒரு நாளைக்கு நாலு பக்கெட். கடையைக் கழுவறதே இதுலதான்."

"எங்க அண்ணனோட ஏசின்னு யார் சொன்னா?"

"வீட்டுக்காரர்தான். எனக்கென்னங்க தெரியும், தண்ணியில பேரா எழுதியிருக்கு?"

"உங்க ஃப்ரீஸர் ரெண்டும் ஓடுதா இப்போ?"

"ஏன், ஓடுதே. உள்ள போய்க் கேளுங்க, உறுமுது." அவர் முகம் மாறியது. "என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"சந்தேகப்பட்டேன். இப்ப இல்லை" என்றாள்.

3:50.

முகம் கழுவ மறுபடியும் முற்றத்துக்கு வந்தாள். பக்கெட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிடம். ஒரு சொட்டு விழவில்லை.

வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மெயினை இன்னும் போடலியா?" என்றார்.

"இன்ஸ்பெக்டர் வரணுமாம்."

"இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன். ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு கீப்பாடு இருக்கும். இந்த வெயிலுக்கு நாறிடும்."

அவள் குனிந்து முகத்தைக் கழுவினாள். பத்து நிமிடத்தில் அவர் மறுபடியும் வந்து, காவலரிடம் அதையே கேட்டுப் போனார்.

4:10.

இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர், அவசரக்காரர். உடலைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"காயம் இல்லை, ஷாக்கும் இல்லை. வயசானவர், வெயில். பில்லுக்குப் பயந்து சிக்கனம் பண்ணியிருக்கார். இயற்கை மரணம்னு போட்டுடலாம்மா. இங்க ஒரு கையெழுத்து."

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கீழ வாங்க."

"எதுக்கு?"

"எங்க அண்ணன் எதுக்குச் செத்தார்னு காட்டறேன்."

கீழே போகுமுன் காவலரை வைத்துக்கொண்டே வீட்டிலிருந்த எல்லாச் சுவிட்சையும் அணைத்தாள். ஏசியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு பல்புகூட மிச்சமில்லை என்று காவலர் இரண்டு தடவை சுற்றி வந்து சொன்னார்.

4:22.

முற்றத்தில் ஐந்து பேர் நின்றார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டார். "சிஸ்டர் துப்பறியக் கிளம்பிட்டாங்க போலிருக்கு."

தங்கை அவரைக் கேட்டாள். "உங்க ஏசி இப்ப ஓடுதா சார்?"

"சாவு வீட்டு மேல உக்காந்து ஏசி போடுவேனா? மூணு மணிக்கே ரிமோட்டை எடுத்து அணைச்சுட்டேன்."

"நீங்களே அணைச்சீங்க?"

"நானேதான்."

"ஐயா, எங்க அண்ணன் மெயினைப் போடுங்க."

காவலர் சுவிட்சை மேலே தள்ளினார். எல்லோரும் நடு மீட்டரில், கரண்ட் ஓடினால் துடிக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள். அது சும்மா இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"என்னம்மா?" இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாவம், துக்கத்துல இருக்காங்க. விடுங்க சார்" என்று வீட்டுக்காரர் படிப்பக்கம் நகர்ந்தார்.

"நில்லுங்க." வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களை அடக்கும் குரல் அது. வீட்டுக்காரர் நின்றார். "எங்க ஆஸ்பத்திரி ஏசியும் இதே மாதிரிதான் சார். கரண்ட் போய் வந்தா, மூணு நிமிஷம் பொறுத்துத் தானா ஓடும். ரிமோட்ல அணைச்சிருந்தா ஓடாது."

மேலே, அண்ணனின் ஜன்னலுக்கு வெளியே, பெட்டி ஒரு தடவை உதறிக்கொண்டு இரைய ஆரம்பித்தது. அதே நொடியில் நடு மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்தது.

ஜூஸ் கடைக்காரர் மட்டும் பேசினார். "அடப்பாவி!"

"இவர்தான் சார்" என்றாள் தங்கை. "ஒரு வருஷமா எங்க அண்ணன் மீட்டர்ல தன் ஏசியை ஓட்டினவர் இவர்தான்."

"எலக்ட்ரீஷியன் மாத்திக் கொடுத்திருப்பான்! எனக்கு என்ன தெரியும்?"

"அந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான். என் ஆளு, ரெண்டு ஏசியையும் ஒரே நாள்ல மாட்டிடுவான்னீங்க. பில் ஏறினது அந்த மாசத்துலேர்ந்து." அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் ஒரு வருஷமா மீட்டரைத்தான் சார் பார்த்தோம். யாரும் பக்கெட்டைப் பார்க்கலை. மூணு இருபத்தஞ்சுக்கு நிமிஷத்துக்கு முப்பத்தாறு சொட்டு விழுந்துச்சு. எண்ணினேன். எங்க அண்ணன் மெயினை அணைச்சாங்க. மூணு அம்பதுக்கு ஒரு சொட்டு இல்லை. ஃப்ரீஸர் நிக்கலை, இது நின்னுச்சு."

"அது உங்க அண்ணன் ஏசித் தண்ணியா இருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரோடது வெள்ளைக் குழாய், மாட்டின அன்னிக்கு நானே பார்த்தேன். அதோட வாயைப் பாருங்க."

காவலர் குனிந்து விரலால் தட்டினார். காய்ந்த மண் உதிர்ந்தது. "குளவிக் கூடு சார். நல்லா இறுகிப்போச்சு. இந்தக் கோடையில ஒரு சொட்டுத் தண்ணி இந்த வழியா வரலை."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க!" வீட்டுக்காரரின் குரல் கீச்சிட்டது.

"தெரியாதவர் எதுக்கு எங்க அண்ணன் மெயினைப் போடச் சொல்லி ரெண்டு தடவை இறங்கி வந்தீங்க? ஃப்ரிட்ஜ்ல சாப்பாடு நாறிடும்னு என்ன அக்கறை! அந்த ஃப்ரிட்ஜ்ல அகராதிதான் இருக்கு. அது நாறாது. முதல்ல வந்தப்ப உங்க நெத்தியில ஒரு பொட்டு வேர்வை இல்லை. மெயினை அணைச்ச அரை மணி நேரத்துல தொப்பலா நனைஞ்சு வந்தீங்க. மூணு மணிக்கே ஏசியை அணைச்சேன்னு பொய் வேற. மூணு இருபத்தஞ்சுக்கு ஓடிட்டுத்தானே இருந்துச்சு! அதுக்கப்புறம் கரண்டே இல்லாத ஏசியை எந்த ரிமோட்டு சார் அணைக்கும்?"

காவலர் நடு மீட்டருக்குக் கீழே கைவிட்டு ஒரு கறுப்பு ஒயரை இழுத்துப் பார்த்தார். அது சாம்பல் குழாயின் முதுகோடு ஒட்டி நேராக மேல்மாடிக்கு ஏறியது.

வீட்டுக்காரர் உட்கார இடம் தேடினார். "சிஸ்டர்... எவ்வளவோ அதைக் கொடுத்துடறேன். பில்லு பூரா நானே கட்டறேன்."

அதுவரை அடக்கிவைத்திருந்தது அங்கே உடைந்தது.

"பில்லா? அவர் உங்களை நல்லவர்னு நம்பி, உங்ககிட்டயே வந்து யோசனை கேட்டாரே! ஒரே ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, சார், ஃபேனைப் போட்டுக்கங்கன்னு! திருடினதோட நிக்காம, திருட்டுக் கொடுத்தவருக்கே சிக்கனம் சொல்லிக் கொடுத்தீங்க. அவர் கரண்ட்ல உங்க வீடு குளிர்ந்துச்சு, அந்தச் சூடெல்லாம் அவர் ஜன்னல்ல வந்து கொட்டுச்சு. அதுக்குப் பயந்துதான் ஜன்னலைக்கூடச் சாத்திக்கிட்டார். ஊரார் பிழையை எல்லாம் கண்டுபிடிச்ச மனுஷன், பில்லுல இருந்த பிழையைத் தன் பிழைன்னு நினைச்சுக்கிட்டே செத்தார்."

இன்ஸ்பெக்டர் எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்துப் பையில் திணித்தார். புதுத் தாளை எடுத்தார்.

"அம்மா, மறைக்காமச் சொல்றேன். மின்சாரத் திருட்டுன்னு இப்பவே போட்டுடுவேன். சாவுக்கு இவர் பொறுப்புன்னு... வக்கீல் வருவார். வெயிலுக்குச் செத்தார், இவர் என்ன பண்ணுவார்னு கேப்பார்."

"கேக்கட்டும். நீங்க எழுதுங்க."

"எழுதறதுக்கு ஏதாவது ஒண்ணு கையில வேணும்மா. அந்த நேரத்துல இவங்க வீட்டு ஏசி ஓடிச்சுன்னு சொல்ல யார் இருக்கா?"

படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரரின் மனைவி பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கணவன் அவளை நிமிர்ந்து பார்த்து, மேலே போ என்று கையைக் காட்டினார். அவள் போகவில்லை.

"எத்தனை மணிக்கு அக்கா, அவர் போனது?" என்று தங்கையைக் கேட்டாள்.

"பன்னிரண்டரை, ஒண்ணுக்குள்ள."

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒயர் விஷயம் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவள் முகத்தில் யாராலும் படிக்க முடியவில்லை.

"பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுட்டுப் படுத்தோம்" என்றாள். "குளிர் தாங்கலை. நான் எழுந்து பிள்ளைங்களுக்குப் போர்வை போத்திவிட்டேன்."

பெட்டி மேலே இரைந்துகொண்டே இருந்தது. தங்கை இன்ஸ்பெக்டரின் பேனாவைப் பார்த்தாள்.

"அதை எழுதுங்க சார்" என்றாள். "போர்வைன்னு எழுதுங்க."