பெட்டிக்குள் இல்லாத விஸ்கி

“திருடின்னு சொல்லிட்டாங்க சார்! சாப்பிட வந்தவங்க அத்தனை பேர் பார்க்க!”

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. பேர்போன ஸ்டேக் உணவகம் ஒன்றின் மதுக்கூடத்தில் மது ஊற்றித் தரும் பார்டெண்டர் அவள். முதலாளி பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய விஸ்கி பாட்டில் நேற்று மாலை அவளுடைய பையில் அகப்பட்டது. அந்தக் கணமே வேலை போயிற்று.

“பாட்டில் வச்சிருந்த அலமாரிச் சாவி யார்கிட்ட?” என்றார் துப்பறிவாளர் நிதானமாக.

“என்கிட்ட ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணு. அலமாரியில பாட்டில் ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கும். முதலாளி கேட்டாத்தான் திறப்போம்.”

“அப்போ மேனேஜர்தான் அத்தான்!” என்று துள்ளினான் உதவியாளன். அவன் அவருடைய மச்சினன்.

“சாவி இருந்தாலே திருடன்னா இவங்களும் திருடிதான். சும்மா இரு.”

மூவரும் போனபோது உணவகத்தில் மதியக் கூட்டம் நிரம்பியிருந்தது. மேனேஜர் பார் மேடையருகே நின்று குரலை உயர்த்தினார்.

“நேத்து மதியம் நானே பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாட்டில் நிமிர்ந்து நின்னுது. சாயங்காலம் இவ பையில! இன்னும் என்ன விசாரணை?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்பறிவாளர் கையமர்த்திவிட்டு, முதலாளி நீட்டிய பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினார். லேபிளின் ஒரு பக்கத்தில் மட்டும் பூஞ்சை. அதே பக்கம் ஓரத்தில் கிழிசல். தக்கையைத் திருகினார். ஊறிப்போய்ப் பாதியிலேயே பிய்ந்து வந்தது.

“போன தடவை நீங்க திறந்தப்போ?”

“புதுசு மாதிரி இருந்துச்சே!” என்றார் முதலாளி.

துப்பறிவாளர் அவளைப் பார்த்தார். “விஸ்கியைப் படுக்க வைப்பீங்களா?”

“ஐயோ, ஒயினைத்தான் படுக்க வைப்போம். விஸ்கி காட்டம் சார், தக்கையை அரிச்சிடும்.”

“ஒரே ராத்திரியில இப்படி அரிக்காது. இது வாரக்கணக்கா படுத்திருக்கு. அப்போ நேத்து மதியம் பெட்டிக்குள்ள இவர் பார்த்தது என்ன, பாட்டிலோட ஆவியா?”

மேனேஜரின் முகம் வெளிறியது.

“பூஞ்சை அத்தான்! ஈரமான இடம்!”

“இந்தத் தடவை சரியாச் சொன்னே. ஈரமா, பாட்டிலைப் படுக்க வைக்கிற இடம்னா ஒயின் அறைதான். அதோட சாவி யார்கிட்ட?”

முதலாளி மெல்லத் திரும்பினார். அந்தச் சாவி மேனேஜரிடம் மட்டுமே இருந்தது.

ஒயின் அறையின் கடைசித் தட்டில், பின்வரிசையில் ஓரிடம் மட்டும் தூசியில்லாமல் கிடந்தது. அங்கே ஈரத்தில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கு லேபிளின் கிழிசலோடு கச்சிதமாகப் பொருந்தியது.

“சமயம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு ஒளிச்சு வச்சேன்,” என்றார் மேனேஜர் முதலாளியிடம். “நேத்து நீங்க திடீர்னு பாட்டிலைக் கேட்டுட்டீங்க. இவ பை திறந்து கிடந்துது...”

“திறந்து கிடந்துதா? அதுக்காக என் பொழைப்புல மண்ணைப் போடுவியா?” என்று அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

முதலாளி சங்கடத்தோடு கனைத்தார். “தப்பு நடந்துபோச்சும்மா. என் ரூமுக்கு வா, பேசிக்கலாம்.”

“திருடின்னு கூடத்துல சொன்னீங்க. இல்லைன்னும் அங்கேயே சொல்லுங்க.”

அவர் கூடத்தின் நடுவே வந்து நின்று ஏதோ முணுமுணுத்தார். ஒன்றிரண்டு பேர்தான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சத்தமா,” என்றாள் அவள்.