ஃபில்டருக்குப் பின்னால் ஒரு கூடு

பாலைவன ஊரான டூசானில் ஆகஸ்ட் மாதம் மதியம் இரண்டு மணிக்கு யாரும் சும்மா வெளியே வர மாட்டார்கள். மாரிசேலா வந்தாள். எவுசேபியோவின் ஒர்க்‌ஷாப் வாசலில் அவள் வண்டியை நிறுத்தி இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபக்கம் அவள் புருஷன் ரொகேலியோ இறங்கினான். தோட்ட வேலைக்காரன். இடுப்பு உறையில் கத்தரி தொங்கியது.

"அண்ணே, ஏசியில காத்தே வரல. நாளைக்குக் காலையில கம்பெனி ஆள் வண்டியப் பார்க்க வர்றான். துவாரத்துல கைய வெச்சுப் பார்ப்பான். பத்தலைன்னா என் ரூட்ட இன்னொரு டிரைவர் நோயமிக்குக் கொடுத்துருவான். அவ ரெண்டு வருஷமா வாயப் பொளந்துட்டு நிக்கிறா."

ரூட் என்பது ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகும் நோயாளிகளை வாரத்தில் மூன்று நாள் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவிடுவது. ஆறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு.

எவுசேபியோ வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். ஏசியை முழுசாகத் திருப்பி, ஒரு துண்டுக் காகிதத்தைத் துவாரத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே ஃபேன் லாரி மாதிரி இரைந்தது. காகிதமோ சோம்பலாக ஆடியது.

"காத்து ஜில்லுன்னு இருக்கு. அப்போ கேஸ் குறையல. ஃபேனும் சுத்துது. நடுவுல எதுவோ மூச்ச அடைக்குது. ஃபில்டர் எப்போம்மா மாத்துன?"

"ஞாயித்துக்கிழமை. எப்பவும் நானேதான் மாத்துவேன். திங்கக்கிழமை ஏசி காத்து புயல் மாதிரி அடிச்சுது. செவ்வாய்க்கிழமை காலையில பொசுக்குன்னு போச்சு."

"மச்சான், எலி!" என்று பாய்ந்து வந்தான் லாலோ. எவுசேபியோவின் மனைவிக்குத் தம்பி. ஸ்பானர் பிடிப்பதைவிடத் துப்புப் பிடிப்பதில் ஆசை அதிகம்.

"பானெட்ட ராத்திரியெல்லாம் தொறந்துதான் வெக்கிறேன்" என்றாள் மாரிசேலா. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். இருட்டு இல்லாவிட்டால் காட்டெலி கூடு கட்டாது.

"எலியாத்தான் இருக்கும்" என்றான் ரொகேலியோ, தரையைப் பார்த்து.

எவுசேபியோ டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ஃபில்டரை உருவினார். புதுசு, ஓரத்தில்கூட ஒரு கடி இல்லை. அதற்குப் பின்னால் கையை விட்டார். காய்ந்த புல், வேலிக்கருவைக் குச்சி, நெற்று. பிடிபிடியாக வந்தது.

"நான் சொன்னேன்ல!" லாலோ தொடையில் தட்டினான்.

எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பிவிட்டு எவுசேபியோ சம்பந்தமில்லாமல் கேட்டார். "முன் சீட்டுல யாரும்மா உக்காருவாங்க?"

"எவரிஸ்தோ ஐயா, என் பேஷண்டு. டிரம்பெட் வாசிச்சவரு. பின்னால உக்காந்தா தலை சுத்துமாம். ஊசி குத்தின கையோட கதை சொல்லியே வயித்தப் புண்ணாக்கிருவாரு." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. ரொகேலியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது எலி இல்ல" என்றார் எவுசேபியோ. "பின்பக்கம் போகணும்னா எலி ஃபில்டரக் கடிச்சிருக்கணும். பூட்டின கதவு பூட்டினபடியே இருக்கு, குப்பை உள்ள இருக்கு. அதோட, நம்ம ஊர் எலி கள்ளி முள்ள இழுத்துப் போடாம கூடு கட்டி யாராச்சும் பார்த்திருக்கீங்களா? இதுல ஒரு முள்ளு இல்ல."

"அப்போ நோயமி!" லாலோ குதித்தான். "பொறாமை பிடிச்சவ!"

"இருடா. இந்தக் குச்சியத் தடவிப் பாரு. கருவக் குச்சியில முள்ளு எங்க? ஒவ்வொண்ணா, அடியோட, சாய்வா வெட்டியிருக்கு. நல்ல கத்தரி, பழகின கை. காத்து வரலைன்னா மொதல்ல மாரிசேலாதான் உள்ள கைய விடுவான்னு தெரிஞ்ச ஆளு. நோயமிக்கு இவ கை மேல என்ன அக்கறை? முன் சீட்டுக்காரர் மேல பொறாமைப்பட்டிருக்கான். ஆனா இவளுக்குக் குத்திடக் கூடாதுன்னும் நெனச்சிருக்கான்."

லாலோவின் பார்வை ரொகேலியோவின் இடுப்பில் தொங்கிய கத்தரிக்குப் போனது.

"புழுக்கம் தாங்காம அந்தாளு வேற வண்டிக்குப் போயிருவான்னு நெனச்சேன்" என்றான் ரொகேலியோ. "ரூட்டே போகும்னு சத்தியமாத் தெரியாது. கம்பெனிக்காரன் வர்றது நேத்துதான் தெரியும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்ல?" மாரிசேலாவின் பக்கம் திரும்பினான். "வீட்டுக்கு வந்தா அவன் சொன்ன ஜோக்க எனக்குச் சொல்ற. நான் சொல்லி நீ கடைசியா எப்போ சிரிச்ச?"

மாரிசேலா ஒரு குச்சியை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது.

"இத்தனையையும் உக்காந்து வெட்ட எவ்ளோ நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அந்த ரெண்டு மணி நேரத்துல எங்கிட்ட ஒரு ஜோக் சொல்லியிருக்கலாமில்ல?"

எவுசேபியோ ஃபில்டரைப் பொருத்தி ஏசியைப் போட்டார். காகிதம் அவர் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நாளைக்கு எவன் கை வைத்தாலும் கவலையில்லை.

ரொகேலியோ முன்கதவுப் பிடியில் கை வைத்தான்.

"பின்னால" என்றாள் மாரிசேலா. "முன் சீட்டு என் பேஷண்டுக்கு. நீ பின்னால உக்காந்து பேசு. காத்து இரையுது, எனக்குக் கேக்குற மாதிரி சத்தமாப் பேசு."