ஒற்று மிகா இடம்

விமானத்தின் சக்கரங்கள் தூத்துக்குடி மண்ணைத் தொட்டதும் பயணிகளின் கைகள் அசையத் தொடங்கின. ஒருவர் வெறுங்கையால் காற்றில் கண்ணாடிவில்லை தேய்த்தார். பின்னிருக்கைப் பெண், மறந்திருந்த வேதிச் சமன்பாடுகளை முணுமுணுத்தபடி அழுதாள். அவர்களுடைய காதுகளுக்குப் பின்னே அரிசியளவாய்ப் பதிந்திருந்த வினைப்பூட்டு, இறங்கிய நாட்டின் சட்டத்தைப் படித்துத் தானே திறந்துகொண்டது.

வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்திற்கு உழைத்துவிடாதபடி, அவர் கற்ற திறனை நினைவிலேயே மூடிவைப்பது வினைப்பூட்டு. செண்பகவடிவு பணியாற்றிய தீவு நாட்டில் அத்தடை செல்லும், இந்தியாவில் செல்லாது. ஆயினும் அவளுடைய விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன.

செயற்கை இதயமாகிய நெஞ்சியக்கியைச் சீரமைப்பது அவள் தொழில். அண்ணன் கோமதிநாயகத்தின் நெஞ்சியக்கி தடுமாறியது. அவர் விமானம் ஏறும் நிலையில் இல்லை. நிறுவனமோ எவரையும் அனுப்ப மறுத்தது. ஆகவேதான் வேலையை உதறிவிட்டு வந்தாள்.

மருத்துவமனையில் கருவியைக் கையில் ஏந்தி நின்றவளை அண்ணன் பார்த்தார்.

"என்னட்டி, திருவிழாவுல தொலைஞ்ச பிள்ள மாதிரி முழிக்க?"

"ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல, அண்ணே."

"அப்ப பிளேன் டிக்கெட்டு தண்டமா?"

தன் பணி ஒப்பந்தத்தை எழுதிய சட்ட வரைவாளர் எபனேசரை அவள் அழைத்தாள். உள்ளூர்க்காரர், அந்நிறுவனத்தின் இந்தியக் கிளையில் இருப்பவர். மாலையில் எழுதுபலகையோடு வந்தவர், தாம் எழுதிய வரியை அவளுக்குக் காட்டினார்.

"நம்ம சட்டம் 'போட்டித் தொழில்' தடை செல்லாதுங்குது. நான் 'போட்டி தொழில்'னு எழுதிட்டேம்மா. ஒரு 'த்' விட்டுப்போச்சு."

"ஒரு எழுத்துதான, சார்?"

இந்நாட்டில் படித்தவர்களே ஒற்றெழுத்தைத் தூசியாக நினைத்துத் தட்டிவிடுகிறார்கள். பூட்டு இலக்கணம் கற்றிருந்தது. ஒற்று மிகுந்தால், போட்டியாக நடத்தும் தொழில். மிகாவிட்டால் 'செடி கொடி' போல உம்மைத்தொகை, போட்டியும் தொழிலும். ஆக, அவள் தன் தொழிலையே செய்யலாகாது என்று பூட்டு பொருள்கொண்டது. போட்டித் தொழிலுக்கான தடையை மட்டும் நீக்கும் சட்டம் அதைத் தீண்டவில்லை.

"நீங்கதான எழுதுனீங்க. திருத்துங்க, சார்."

"எழுதினவன் கையெழுத்துல திருத்துனாத்தான் பூட்டு ஏத்துக்கும். மேலிடத்துல கேட்டுட்டுத்தான் வாறேன். ஒருத்தருக்குத் திருத்துனா வெளிய போன அத்தன பேருக்கும் திறந்துரும்னு மறுத்துட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க சம்பளத்துல இருந்துக்கிட்டே அவங்களுக்கு எதிரா எழுதுறது முறையில்லம்மா. முதல்ல வேலைய விட்டுருதேன்."

"வக்கீலய்யா நேர்மைக்கு நம்ம உயிரு காத்துக்கிடக்கு" என்று சிரித்தார் கோமதிநாயகம். சிரிப்பு இருமலில் முடிந்தது.

எபனேசர் அங்கேயே செல்பேசியில் பணியைத் துறந்தார். அந்நிறுவன ஊழியராய் அவரும் அதே வாசகத்தின்கீழ்த்தான் ஒப்பமிட்டிருந்தார். அவருடைய தொழிலோ எழுத்து.

காதின் பின்புறத்தை ஏதோ கடித்ததுபோலத் தடவிக்கொண்டு எழுதுகோலை எடுத்தார். இரண்டு சொற்களுக்கு நடுவே அதன் முனை நின்றது.

"இங்கன என்னமோ வரும்லா, ம்மா?"

"'த்', சார். நீங்கதான சொன்னீங்க."

"ஆமா, 'த்'." அவர் பலகையையே உற்றுப் பார்த்தார். "அது எப்படி இருக்கும்?"

செண்பகவடிவு தன் உள்ளங்கையில் அவ்வெழுத்தை எழுதிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துப் பார்த்து, குழந்தை கோலம் போடுவதுபோல வரைந்தார், புள்ளியையும் வைத்தார். பலகை சிவந்தது. அதிலிருந்து பூட்டின் குரல் பிழையற்ற தமிழில் கூறிற்று: "இஃது எழுதியவரின் கையெழுத்து அன்று."

"ரெண்டு பேரும் பள்ளிக்கூடமா நடத்துதிய?" என்றார் அண்ணன்.

அவருடைய நெஞ்சியக்கியில் ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று.