மறதி வில்லையும் மதியச் சாப்பாடும்

வியாழனைச் சுற்றும் இடைநிலையத்தில், ஆட்டம் பார்த்தபடி சாப்பிடும் ‘எல்லைக்கோடு’ விடுதியில், தண்ணீர் வைப்பதற்கு முன்பே மறதி வில்லையை வைத்துவிடுவார்கள். வெள்ளையாக, சீரக மிட்டாய் அளவில் இருக்கும். அதை விழுங்காதவருக்கு அங்கே இடம் கிடையாது.

காரணம் எளிது. பூமியில் நடக்கும் ஆட்டங்கள் அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. விடுதியிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கபடி இறுதிப்போட்டிதான். கடைசி நொடி வரை யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத ஆட்டம். நேற்று அதைப் பார்த்தபோது மூளையில் பதிந்ததை வில்லை துடைத்துவிடும். ஆட்டம் ஓடியபோது பக்கத்தில் பேசியதும் சேர்ந்தே போய்விடும். போனால் போகட்டும், சாப்பாட்டு மேசையில் அப்படி என்ன பேசிக் கிழித்துவிடப் போகிறோம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். தினமும் அதே ஆட்டத்துக்குப் புதிதாக நகம் கடித்தார்கள்.

பூங்கோதைக்கு இன்று அந்த வில்லைதான் எதிரி.

சனியின் நிலவான டைட்டனில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் போகும் பொறியாளர் குழுவில் அவளும் ஒருத்தி. குழு தன் கப்பலுக்காக இங்கே காத்துக் கிடந்தது. அங்கே போய்விட்டால் ஆறு வருடத்துக்குத் திரும்ப முடியாது. சிவகாசியில் கணவனிடம் விட்டு வந்த மகள் மகிழினிக்கு மூன்று வயது. குழந்தையை விட்டு வந்தது தப்பு என்று புறப்பட்ட அன்றே தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவளுக்கு ஒரு வேளைச் சோறுகூட ஒழுங்காக இறங்கவில்லை. பூமிக்குத் திரும்பும் சரக்குக் கப்பல் ஒன்று இன்று மாலை புறப்படுகிறது. அதில் ஓர் இடம் காலி. குழுத்தலைவர் குணசீலன் கப்பல் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நேற்று ஆட்டம் ஓடியபோது இதே மேசையில் கேட்டுவிட்டாள். குணசீலன் நல்ல மனிதர். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்.

“அட, இதுக்குப் போயி ஏம்மா தயங்குற? பிள்ளைதான் முக்கியம். நாளைக்குச் சாப்பிட்டதும் முதல் வேலை அதான்” என்றார்.

சாப்பிட்டதும்! சாப்பாட்டுக்கு முன்னால் வில்லை இருக்கிறதே. காலை முழுவதும் அவர் ஆலோசனைக் கூட்டத்தில் இருந்ததால் நினைவுபடுத்தவும் வழியில்லை. முந்தாநாளும் கேட்டிருப்போமோ என்ற சந்தேகம் வேறு அவளைக் குடைந்தது. கேட்டிருந்தாலும் அவளுக்கே ஞாபகம் இருக்கப் போவதில்லை.

அதனால்தான் வரும் வழியில் நிலையத்துக் கடையில் சீரக மிட்டாய் வாங்கிக்கொண்டாள்.

பரிமாறும் எந்திரம் வில்லைத் தட்டோடு வந்தது. “இங்க குடு, சாருக்கு நான் வைக்கிறேன்” என்று பூங்கோதை எழுந்து வாங்கினாள். அதிகாரிக்குத் தட்டு நீட்டுவதைக் கண்டு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிரே இருந்த சக பொறியாளன் ரஹ்மத்துல்லா மட்டும், “அக்கா, புரமோஷன் நிச்சயம்” என்று கண்ணடித்தான். இரண்டு வில்லைகள் அவள் உள்ளங்கைக்குள் போயின. குணசீலன் ஒரு மிட்டாயை விழுங்கினார், அவள் ஒன்றை விழுங்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. பாசிமாவு இடியாப்பம் வந்து ஆறிப்போனது. மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு, மற்றவர்கள் கத்தும்போது அரை நொடி பிந்தித் தானும் கத்தினாள். கண் என்னவோ கடிகாரத்துக்கும் குணசீலன் முகத்துக்குமாக அலைந்தது.

இடைவேளை வந்ததும் அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“சார், நேத்து சொன்னேனே… கப்பல் ஆபீசுக்கு இப்பவே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா…”

“எந்தக் கப்பல்மா?”

“பூமிக்குப் போறது, சார். சாப்பிட்டதும் முதல் வேலை அதான்னு சொன்னீங்களே.”

“நானா? எப்போ?”

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. பூங்கோதைக்குப் பகீர் என்றது. பதற்றத்தில் நிஜ வில்லையையே கொடுத்துத் தொலைத்துவிட்டோமா? மேசைக்கடியில் கையை விரித்துப் பார்த்தாள். இரண்டு வில்லைகளும் வியர்வையில் ஒட்டிக்கொண்டு அங்கேயேதான் இருந்தன.

“எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு, சார்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அட, இதுக்குப் போயி ஏம்மா கலங்குற? பிள்ளைதான் முக்கியம். சாப்பிட்டதும் முதல் வேலை அதான்” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, குணசீலன் திரைக்குத் திரும்பினார். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. முதல் பாதியிலிருந்தே சுருங்கியிருந்த அவர் நெற்றி இன்னும் சுருங்கியது.

“ஏழாம் நம்பர்காரன் இப்போ இடது பக்கம் போயி, கால் வழுக்கி விழுவான் பாரு” என்றார்.

விழுந்தான்.

“அடுத்து அவங்க கேப்டன் ரெண்டு பேரைத் தொட்டுட்டு வருவான்.”

தொட்டுவிட்டு வந்தான். பக்கத்து மேசைகளிலிருந்து ‘உஷ், உஷ்’ என்று அதட்டல்கள் கிளம்பின. குணசீலன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, பரிமாறும் எந்திரத்தை நோக்கிக் கத்தினார்:

“என்னய்யா மாத்திரை குடுக்குறீங்க? கொஞ்சங்கூட வேலை செய்யல! நேத்து இங்க நடந்தது ஒண்ணுவிடாம அப்படியே ஞாபகம் இருக்கு எனக்கு!”